தாத்தாவின் ஆல்பத்திலிருந்து குடும்ப வரலாறு: முழுமையான வழிகாட்டி

பழைய ஆல்பம் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் படங்களைக் கழற்றித் தரையில் பரப்பி, வீட்டிலிருக்கும் பெரியவரிடம் ‘இது யார், இது யார்’ என்று கேட்கத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து மலாயாவின் பினாங்குக்குப் போய்க் கடையொன்றில் கணக்கு எழுதிய என் தாத்தாவின் ஆல்பத்தில் 64 படங்கள் இருந்தன. அவற்றில் முதல் எட்டுப் படங்களின் வரிசையைக் கலைத்த பிறகே, அந்த வரிசையும் ஒரு சான்று என்பது எனக்குப் புரிந்தது. பிறகு உறவினர்கள் சிலருக்கு இதே வேலையில் உதவியபோது, ஏறக்குறைய எல்லோரும் அதே இடத்தில்தான் இடறினார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் என்ன செய்வது என்பதைவிட எதற்குப் பிறகு எதைச் செய்வது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கோடிட்ட நோட்டு, மென்மையான 2பி பென்சில், கைலென்ஸ், சுத்தமான மென்தூரிகை, வழவழப்பில்லாத வெள்ளைத்தாளில் மடித்த உறைகள் ஆகியவை போதும். படங்கள் இருக்கும் மேசைக்குப் பேனா வரவே கூடாது, ஏனென்றால் படத்தின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் அந்த அழுத்தம் முன்பக்கத்தில் மேடாகத் தெரியும். நெடி வீசும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் படங்களைக் கெடுக்கும் பி.வி.சி. வகை ஆகையால் அவையும் வேண்டாம்.

ஆல்பத்தைத் திறப்பதற்கு முன், அதற்கு உரியவரைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பிறந்த ஊர், வெளியூர் போன காலம், திருமணம், பிள்ளைகள் பிறந்த வரிசை, வீடு கட்டிய ஆண்டு ஆகியவற்றில் நிச்சயமானவை எவை, கேள்விப்பட்டவை மட்டும் எவை என்று பிரித்துக் குறியுங்கள். படங்களைப் பார்த்த பிறகு இதை எழுதினால், படத்தில் கண்டதும் முன்பே தெரிந்ததும் கலந்துவிடும். பிறகு எது எங்கிருந்து வந்தது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது.

2. ஆல்பத்தை இருக்கும் நிலையிலேயே பதிவு செய்தல்

எந்தப் படத்தையும் தொடாமல், அட்டை முதல் பின்னட்டை வரை ஒவ்வொரு பக்கத்தையும் முழுமையாகக் கைபேசியில் படமெடுங்கள். வெற்றுப் பக்கங்களையும், படம் விழுந்துபோய், அதன் மூலைகளைப் பிடித்திருந்த நான்கு காகிதக் கார்னர் மட்டும் மிஞ்சியிருக்கும் இடங்களையும் விடாதீர்கள். வெயில் நேரே விழாத சன்னல் ஓரம் இதற்கு நல்ல இடம். பிளாஷ் போட்டால் பளபளப்பான படங்களில் வெள்ளைத் திட்டு விழும்.

இதற்கான காரணம் எளியது. ஆல்பத்தை அடுக்கியவர் ஒரே நிகழ்ச்சியின் படங்களைப் பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் வைத்திருப்பார். பெயர் தெரியாத ஒருவர் யாருக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறார் என்பது, பிறகு அவரை அடையாளம் காண உதவும். கறுப்புத்தாளில் படம் உரிந்த இடத்தின் அளவை வைத்து, வேறொரு உறையில் கிடந்த படம் அங்கிருந்து வந்ததுதான் என்று நான் இரண்டு முறை கண்டுபிடித்திருக்கிறேன்.

அடுத்துப் பக்கங்களுக்கும் படங்களுக்கும் எண் கொடுங்கள். ‘ப07-3’ என்றால் ஏழாம் பக்கத்தில் இடமிருந்து மூன்றாவது படம். எண்ணில் ஆளின் பெயரைச் சேர்க்காதீர்கள். பெயர் நாளை மாறலாம், ஆனால் படம் இருந்த இடம் மாறாது. ஸ்கேன் கடையில் கொடுப்பதாக இருந்தால் எண்ணிட்ட தனித்தனி உறைகளில் போட்டுக் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்த என் ஒன்றுவிட்ட தம்பிக்கு எல்லாப் படங்களும் அளவுவாரியாக அடுக்கப்பட்டுத் திரும்பி வந்தன. பக்கங்களையும் அவன் முன்கூட்டிப் படமெடுத்திருக்கவில்லை.

3. கழற்றலாமா, விட்டுவிடலாமா

கறுப்புத்தாளில் கார்னர் கொண்டு பொருத்திய படங்கள் சுலபமாக வெளியே வரும். பின்பக்கத்தைப் படித்துவிட்டு அதே இடத்தில் திரும்ப வைக்கலாம். பசை தடவி ஒட்டியவற்றை இழுக்க வேண்டாம். 1970, 80களில் பரவலாக விற்ற, ஒட்டும் கோடுகளும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்கள்தான் அதிகத் தொல்லை தருபவை. அந்தப் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகி இறுகிவிடும். பல் இடுக்கு சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே செலுத்தி, இடமும் வலமுமாக மெல்ல அறுத்துப் பார்க்கலாம். மூலை வளையத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

சட்டமிட்ட படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். படத்தின் மேல்படலம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கறுப்பான பகுதிகளின் ஓரத்தில் வெள்ளிபோல் மினுங்கும் பூச்சைச் சிலர் அழுக்கென்று எண்ணி ஈரத்துணியால் துடைக்கிறார்கள். அது படத்திலுள்ள வெள்ளியே மேலெழுந்து வந்தது. துடைத்தால் படம்தான் போகும். லேமினேஷன் செய்வதும் இதே வகைத் தவறுதான், அதைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை.

4. ஸ்கேன் செய்யும் முறை

சாதாரண அளவுப் படங்களுக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), பாஸ்போர்ட் அளவு முகப்படங்களுக்கு 1200 டி.பி.ஐ. வைத்துக்கொள்ளுங்கள். இரண்டேகால் அங்குலச் சதுரப்படம் 600-இல் 1350 புள்ளி அகலம்தான் வரும். அதற்குக் கீழே போனால் பின்னணியிலுள்ள பலகை எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடியாது. கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண அமைப்பில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், ஏனென்றால் பழுப்பும் கறையும் நீலமைக் குறிப்பும் அதில்தான் பிரிந்து தெரியும். மூலக்கோப்பை நுணுக்கம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் சேமித்து, திருத்தங்களை நகலில் மட்டும் செய்யுங்கள்.

பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் நுணுக்கம் குறைந்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் முகத்தைத் தெளிவாக்குவதையும் வண்ணமேற்றுவதையும் இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுங்கள். அவை இல்லாத கண்ணையும் பல்லையும் கற்பனையாக நிரப்புகின்றன. எங்கள் வீட்டில் ஒருவர் அப்பத்தாவின் படத்துக்கு வண்ணமேற்றிக் குழுவில் போட்டார். கல்யாணப் புடவை பச்சை நிறம் என்று இப்போது மூன்று பேர் சத்தியம் செய்கிறார்கள்.

5. பின்பக்கத்தை வாசித்தல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். முதலில் எழுத்தை எழுத்தாகவே, பிழையோடு, நோட்டில் பெயர்த்து எழுதுங்கள். பொருள் சொல்வது அதற்குப் பிறகுதான்.

பழைய கையெழுத்தில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்ற குறிகள் வரும். எங்கள் ஆல்பத்தின் ப09-1 ஒரு திருமணப்படம். அதன் பின்னால் ‘நந்தன ௵ தை ௴ ௧௫ ௳’ என்று இருந்தது (௧௫ என்பது 15). நந்தன ஆண்டு 1952 என்று பட்டியலில் பார்த்த என் அண்ணன், திருமணம் 1952 ஜனவரியில் நடந்தது என்று எழுதிவிட்டார். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், நந்தன ஆண்டின் தை மாதம் 1953 ஜனவரியில்தான் வரும். தை, மாசி, பங்குனி மாதங்கள் எழுதப்பட்டிருந்தால் அடுத்த ஆங்கில ஆண்டைத்தான் எடுக்க வேண்டும். மார்கழி எழுதப்பட்டிருந்தால் தேதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதும் நினைவிருக்கட்டும். நந்தன ஆண்டு 1892-இலும் வந்தது, 2012-இலும் வந்தது.

நெல்லை, குமரிப் பகுதிக் குடும்பங்களில் கொல்லம் ஆண்டு எழுதியிருக்கலாம். தென் மாவட்ட வழக்கில் அது ஆவணியில் தொடங்கும். 1128 என்றால் 1952 ஆகஸ்டு முதல் 1953 ஆகஸ்டு வரை. நிலக் கணக்கோடு சேர்ந்த தாள்களில் வரும் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும்; பசலி 1362 என்பது 1952 ஜூலை முதல் 1953 ஜூன் வரை. நான்கு இலக்கம் கண்டவுடன் ஆங்கில ஆண்டென்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது உறவுப்பெயர். பின்னால் ‘சின்னம்மா’ என்று எழுதியிருந்தால், யாருக்குச் சின்னம்மா என்பதே முதற்கேள்வி. நாம் வாசிக்கும்போது நம்மை நடுவில் வைத்துக்கொள்கிறோம், ஆனால் எழுதியவர் தம்மை நடுவில் வைத்து எழுதினார். ஆகவே ஆல்பத்திலுள்ள கையெழுத்துகளை முதலில் பிரியுங்கள். கடிதம், மளிகைக் கணக்கு, கடன் சீட்டு என்று பெயர் தெரிந்த கையெழுத்து எது கிடைத்தாலும் அதோடு ஒப்பிடலாம். எங்கள் ஆல்பத்தில் மூன்று கைகள் இருந்தன: தாத்தாவின் சாய்ந்த நீலமை, அவருடைய தங்கையின் பென்சில், பிற்காலத்தில் என் அத்தை எழுதிய பால்பாயிண்ட். ‘சின்னம்மா’ என்பது பென்சிலில் இருந்தது. ஆகையால் அது தாத்தா தலைமுறைக்குச் சின்னம்மா, எனக்குக் கொள்ளுப்பாட்டி முறை. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் ஒரு பெண்மணியை இரண்டு தலைமுறை கீழே இறக்கியிருப்பேன்.

கையெழுத்தின் காலத்தைப் பழைய எழுத்துருக்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-இல் வந்தது. ஆனால் துதிக்கைபோல் கொம்பு வைத்த பழைய ‘லை’, ‘னை’ எழுதிப் பழகிய கை அதன்பின் சாகும்வரை அப்படியேதான் எழுதியது.

மூன்றாவது, ஸ்டூடியோ முத்திரை. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தியது. ‘மதராஸ்-4’ என்பதுபோல் ஓரிரு இலக்கம் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்கலாம். பழைய முத்திரையை மாற்றாமல் வைத்திருந்த ஸ்டூடியோக்களும் உண்டென்பதால் ‘இருக்கலாம்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் படங்களின் முத்திரையில் பினாங்கு என்ற சொல்லுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் எஸ்.எஸ். என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. அது கப்பலின் பெயர் என்று வெகுநாள் நம்பினோம். தாத்தா ரஜூலா கப்பலில் போனவர் என்பதால் அது பொருத்தமாகவும் பட்டது. உண்மையில் அது ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குடியேற்ற ஆட்சிப்பகுதியின் சுருக்கம். அந்த ஆட்சி அமைப்பு 1946-இல் கலைக்கப்பட்டதால், அம்முத்திரை இட்ட படங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை.

6. படத்துக்குள்ளிருந்து காலத்தைக் கணித்தல்

ஒரே ஆண்டைத் தேடாமல் ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’, ‘இதற்குப் பின்னால் இருக்க முடியாது’ என்ற இரண்டு எல்லைகளைக் குறியுங்கள். தனுஷ்கோடி ஊருக்குள் எடுத்த படம் 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்தியது. வண்டியின் எண்பலகை டி.என். என்று தொடங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலக இலக்கம் கொண்டிருந்தால் 1989-க்கு முந்தியதாக இருக்க முடியாது. பெயர்ப்பலகையில் தமிழ்நாடு அரசு என்றிருந்தால் பெரும்பாலும் சென்னை மாநிலம் பெயர் மாறிய 1969-க்குப் பிந்தியது. சுவரில் தொங்கும் நாள்காட்டியை லென்ஸால் பாருங்கள். ஆண்டு தெரியாவிட்டாலும், மாதமும் முதல் தேதியின் கிழமையும் தெரிந்தால் சாத்தியமான ஆண்டுகள் சிலவாகக் குறையும்.

படத்தின் தாளும் பேசும். பிளாஸ்டிக்போல் வழவழக்கும், கிழிக்க வராத தாள் ஏறத்தாழ 1970-க்குப் பின்னரே பரவியது. அத்தாளில் 1940-ஆம் ஆண்டுப் படம் இருந்தால் அது பின்னாளில் எடுத்த நகல், மூலம் வேறு வீட்டில் இருக்கக்கூடும். சிறு சதுரப் படங்கள் பெரும்பாலும் ஆக்பா கிளிக் III போன்ற வீட்டுக் கேமராக்களில் எடுத்தவை. அத்தகைய படத்தில் யார் இருக்கிறார் என்பதோடு யார் இல்லை என்பதையும் குறியுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் படமெடுத்தவர் அவர்தான்.

கோட்டும் டையும் கைக்கடிகாரமும் கண்டு வசதியை அளக்க வேண்டாம். அவற்றை ஸ்டூடியோவே மாட்டிக்கொள்ளக் கொடுப்பதுண்டு. மாறாக, திரைச்சீலையில் தீட்டிய மாடிப்படியையும் பூந்தொட்டி வைத்த முக்காலியையும் கவனியுங்கள். இரண்டு படங்களில் அவை ஒன்றாக இருந்தால் ஸ்டூடியோ ஒன்றே; பல நேரம் காலமும் அருகருகே இருக்கும். முந்தானை வலத்தோளில் விழுந்திருந்து, சட்டைப் பையும் வலப்பக்கம் இருந்தால், நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். அப்போது ‘இடமிருந்து மூன்றாவது’ என்ற பெயர்க் குறிப்பும் தலைகீழாகியிருக்கக்கூடும்.

கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் படங்களில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, உருவ அளவு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் இறந்த பிறகு தனிப்படத்திலிருந்து வெட்டிச் சேர்த்த ஜோடிப்படங்கள் நம் வீடுகளில் ஏராளம். நாற்காலியில் சாய்ந்து கண்மூடியிருப்பவரைச் சுற்றிக் குடும்பமே நிற்கும் படம், இறந்தவரை இருத்தி எடுத்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் வேறெதுவும் தராத ஒரு நிச்சயமான நாளை, அதாவது இறந்த நாளை, அது தருகிறது.

7. பெரியவர்களிடம் கேட்டல்

முந்தைய ஆறு படிகளையும் முடித்த பிறகே இதற்கு வாருங்கள். பெரியவர் ஒருவரின் முதற்பதிலே தூய்மையானது. இரண்டாம் முறை கேட்கும்போது, முதல்முறை நாம் தலையாட்டியது எது என்பதையும் சேர்த்தே நினைவுகூர்கிறார். தயாரிப்பில்லாமல் போய் அந்த முதற்பதிலை வீணாக்கக் கூடாது.

மூலப்படத்தை எடுத்துச் செல்லாதீர்கள். ஏ4 அளவில் அச்சிட்ட நகல் போதும், கண் மங்கியவர்களுக்கு அதுவே வசதி. காலைப் பலகாரத்துக்குப் பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அனுமதி பெற்றுக் குரலைப் பதிவு செய்யுங்கள். ஆல்பத்தின் வரிசைப்படியே காட்டுங்கள்.

‘இது பெரியப்பாதானே?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற விடைதான் வரும். ‘இதில் என்ன தெரிகிறது, அப்பத்தா?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆளைவிடப் பொருளைக் கேட்பது பல நேரம் பலன் தரும். ப14-2-இல் நிற்கும் பெண்ணை அப்பத்தாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னாலிருந்த மரப்பெஞ்சைக் காட்டியதும், ‘இது மேலத்தெரு வீட்டுத் திண்ணைப் பெஞ்சு, கால் ஒன்று ஆடும், செங்கல் வைத்திருப்போம்’ என்றார். பெரிதாக்கிப் பார்த்தபோது செங்கல் இருந்தது. வீடு தெரிந்தது, வீட்டிலிருந்து அந்தப் பெண்ணும் தெரிந்துவிட்டார்.

பெயர் கேட்கும்போது நம் வழக்கங்கள் குறுக்கே நிற்கும். கணவர் பெயரையும் மாமியார் பெயரையும் வாயால் சொல்லாத மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வற்புறுத்தாமல், நீங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல அவர் தலையாட்டட்டும், அல்லது பேத்தி சொல்லட்டும். மாமியார் பெயரை வைத்த குழந்தையை மருமகள் அப்பெயரால் அழைக்க மாட்டார் என்பதால், ஒரே பெண்ணுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் வேறொரு பெயரும் இருக்கும். இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். தலைப்பெழுத்தைச் சேர்க்காத பெயர் எதற்கும் உதவாது. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்த குடும்பங்களில் ஒருவருக்கே இரண்டு உறவுமுறை இருக்கும். ஒன்றைப் பிழையென்று அடித்துவிடாதீர்கள்.

ஒவ்வொருவரிடமும் முதலில் தனித்தனியாகக் கேளுங்கள், பிறகு சேர்த்து உட்கார வைக்கலாம். தொடக்கத்திலேயே சேர்த்து வைத்தால் குரல் பெரியவர் சொல்வதே வரலாறாகிவிடும். முகம் வெட்டப்பட்ட படம், பேச்சை மாற்றச் செய்யும் படம் என்று சில வரும். மூத்த தாரம், தத்துக் கொடுத்த பிள்ளை, கடல்கடந்த ஊரிலிருந்த மற்றொரு குடும்பம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பேச்சு தானே திரும்பி வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் ‘கேட்டேன், சொல்லவில்லை’ என்று நாளிட்டு எழுதுங்கள்.

8. ஆவணங்களோடு ஒப்பிடுதல்

வீட்டுப் பீரோவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறந்த நாளுக்கு ஜாதகக் குறிப்பே பெரும்பாலும் நம்பத்தக்கது. பள்ளிச் சான்றிதழிலுள்ள தேதி, தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்ட குழந்தைக்குத் தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்ததாக இருக்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தந்தை பெயரோடும் உத்தேச வயதோடும் வாரிசுகள் வரிசையாக வருவார்கள். மொய் நோட்டு இன்னும் அருமையானது, யார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது விழாத் தேதியோடு அதில் இருக்கும். ப09-1-இன் தேதி சரிதான் என்று எனக்கு உறுதிப்படுத்தியது மொய் நோட்டின் முதல் பக்கம்.

வெளியே தேடுவதற்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், இலங்கைத் தொடர்புள்ளவர்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரிப்பும் உள்ளன. மலாயா, சிங்கப்பூர் தொடர்புள்ளவர்கள், சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கும் பழைய தமிழ் முரசு இதழ்களில் கடைப்பெயரையும் சங்கப்பெயரையும் கொண்டு தேடலாம். ஆளின் பெயரைக் கொண்டு தேடினால் எழுத்துக்கூட்டல் வேறுபாட்டால் பெரும்பாலும் அகப்படாது.

ஆல்பத்தில் உள்ள இடைவெளிகளையும் இந்தக் கட்டத்தில் பாருங்கள். எங்கள் ஆல்பத்தில் 1942 முதல் 1945 வரை ஒரு படமும் இல்லை. தாத்தா ஊரோடு கோபித்துக்கொண்டிருந்தார் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. மலாயா ஜப்பானியர் கையில் இருந்த ஆண்டுகள் அவை. கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை.

9. எழுதி வைத்தல்

ஒவ்வொரு படத்துக்கும் எண், பின்பக்க வாசகம், முன்பின் கால எல்லை, இருப்போர், யார் எந்த நாளில் சொன்னார் என்று ஐந்து கட்டங்கள் போதும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: அக்காலத்திலேயே எழுதப்பட்டது ‘அ’, உடனிருந்தவர் சொன்னது ‘ஆ’, நம் ஊகம் ‘இ’. இந்தக் குறி இல்லாத பட்டியலில் ஊகம் ஒரே தலைமுறையில் உண்மையாகிவிடும்.

படத்தின் பின்னால் எண்ணை மட்டும், ஓரத்தில், பென்சிலில் எழுதுங்கள். ஆல்பத்தைப் பரணில் போடாமல், தரையைத் தொடாத பீரோத் தட்டில் படுக்க வையுங்கள். பாச்சை உருண்டையை அதன்மேல் வைக்க வேண்டாம். கோப்புகளின் ஒரு நகல் வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும், பட்டியலின் அச்சுப்பிரதி ஒன்று ஆல்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். எங்கள் பட்டியலில் ப11-4, குடை பிடித்து நிற்கும் பெண், பினாங்கு முத்திரை, 1946-க்கு முன் என்பதோடு நிற்கிறது. இருப்போர் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.